ஊஞ்சல் பிள்ளையின் நான்கு பிலிம்கள்

காரியாபட்டியில் மருந்துக்கடை ஒன்றின் பின்னால் சின்னதாக ஓர் எக்ஸ்ரே அறை. மணிக்கட்டு வீங்கிப்போய் அங்கே உட்கார்ந்திருந்தேன். இருட்டறைக் கதவு திறந்தது. ஈரம் சொட்டும் பிலிமைக் கவ்வியில் தொங்கவிட்டபடி ஒரு பெண் வெளியே வந்தாள். அவளுக்கு முன்னால் அந்த வாடை வந்தது. புளித்த காடிக்குள் யாரோ வெள்ளிக் கொலுசைப் போட்டு மறந்துவிட்டது போல, புளிப்பும் உலோகமும் சேர்ந்து மூக்கின் அடியில் போய் உட்காரும் வாடை. மணிக்கட்டு வலி எங்கோ போய்விட்டது. "எலும்புக்கு ஒண்ணும் ஆகலண்ணே, பாருங்க" என்று அவள் பிலிமை விளக்குக்கு நேரே தூக்கினாள். நான் எலும்பைப் பார்க்கவில்லை. கறுப்பும் வெளுப்பும் சந்திக்கும் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா என்று பார்த்தேன். பழக்கம். செத்தாலும் போகாது போலிருக்கிறது.

அந்த வாடைக்குள் பதினேழு வருஷம் இருந்தவன் நான். சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகம். அதில் பிராசஸ் அறை என் பொறுப்பு. மெஷினுக்குப் போகும் முன் ஒரு படம் நான்கு நிறமாகப் பிரிந்து நான்கு பிலிமாக ஆகும், ஒவ்வொன்றும் பொடிப் பொடிப் புள்ளிகளால். பிலிமை பிளேட்டின் மேல் வைத்து வெளிச்சம் காட்டினால் பிளேட்டில் படம் ஏறும். பிளேட் மெஷினில் ஏறும். இவ்வளவுதான் சங்கதி. காலண்டர் சாமிகளும், பட்டாசு லேபிள்களும், தீப்பெட்டிச் சித்திரங்களும் என் கையில் நான்கு நான்காகப் பிரிந்து கிடந்தன. சரஸ்வதியின் நீலம் தனி. அவளுடைய மஞ்சள் தனி. எந்தத் தெய்வத்தையும் முழுதாக நான் பார்த்ததில்லை.

அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் எழுதி வைத்த வழக்கமில்லை. எங்கள் பிளேட் அடிக்கும் பிரேமில் விளக்குப் போய்விட்டால், நாலு பிலிமையும் பழைய காலண்டர் தாளில் சுருட்டி, சைக்கிள் கேரியரில் வைத்து அடுத்த தெரு அச்சகத்துக்குப் போவேன். அவர்கள் எங்களுக்குப் போட்டி. எங்களிடம் வேலை கொடுக்கும் பார்ட்டியை இழுக்க ராத்திரி பகலாக யோசிப்பவர்கள். ஆனாலும், "என்னப்பா, விளக்கு போயிருச்சா? வை வை, இந்தா அடிச்சிருவோம்" என்பார்கள். டீ ஆறுவதற்குள் பிளேட் தயார். மறுவாரம் அவர்கள் எங்களிடம் வருவார்கள். பிலிம் எந்த வீட்டுக்குப் போனாலும் பிலிம்தான். எந்தப் பிரேமிலும் உட்காரும். ஊரே ஒரு பெரிய அச்சகம் போலவும், தெருக்கள் அதன் வராந்தாக்கள் போலவும் இருந்தன. அதை நாங்கள் பலம் என்று நினைத்ததே இல்லை. அவசரம் என்றுதான் நினைத்தோம். தினம் ஓர் அவசரம், சீ என்ன பிழைப்பு என்று அலுத்துக்கொண்டோம்.

அப்புறம் அந்த எந்திரம் வந்தது. புது நூற்றாண்டு பிறந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். சிடிபி என்றார்கள். கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தை லேசர் நேராக பிளேட்டில் எழுதிவிடும். பிலிம் வேண்டாம். இருட்டறை வேண்டாம். காடி வாடை வேண்டாம். மெட்ராஸிலிருந்து வந்த இன்ஜினியர், எந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைக்க விடவில்லை. "தூசி சார், தூசி" என்று அலறினார். கடைசியில் வெளிச்சுவரில் ஒரு பொட்டு வைத்துக் கும்பிட்டோம்.

அந்த எந்திரத்தை வாங்கச் சொன்னவன் நான். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். முதலாளி தயங்கினார். நான் மதுரைக்குப் போய் ஒரு கண்காட்சியில் அது ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்து, மூன்று நாள் தூங்காமல் அவரைத் துளைத்தேன். புள்ளி அப்படி இருக்குமுங்க. ஊசி முனை மாதிரி. சொன்னதெல்லாம் உண்மை. முதல் பிளேட் வெளியே வந்தபோது லென்ஸை வைத்துப் பார்த்தேன். கடுகைக் கொட்டிப் பரப்பியது போல ஒவ்வொரு புள்ளியும் வட்டமாக, சுத்தமாக. எனக்குக் கண் கலங்கியது. என் வயதுக்கு அது கொஞ்சம் அதிகம்தான்.

பழைய லேபிள்களுக்குக் கம்ப்யூட்டரில் மூலம் கிடையாது. ஓவியர் கையால் வரைந்து, கேமராவில் பிடித்து, பிலிமாகவே பிறந்தவை. ஆகவே அந்தப் பிலிம்களை ஸ்கேனரில் போட்டு, புள்ளிகளை அப்படியே எந்திரத்துக்குள் ஏற்றினேன். இரண்டு மாத வேலை. ஏற்றி முடித்ததும் ஐந்து அலமாரிப் பிலிம் மிச்சம் நின்றது. எந்திரம் இருந்த அறையில், ஏசிக்கு முகம் காட்டிக்கொண்டு.

"ஏம்ப்பா, அது பாட்டுக்கு ஒரு மூலையில கெடக்கட்டுமே. சோறா கேக்குது?" என்றார் முதலாளி.

"தூசி அடையும் முதலாளி. எந்திரத்துக்கு ஆகாது. எல்லாம் உள்ள ஏத்தியாச்சு. அது இனி வெறும் குப்பை" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "நீ சொன்னாச் சரி" என்றார்.

பழைய பிலிமில் வெள்ளி இருக்கிறது. அதைக் கழுவி எடுக்கிறவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். ஒரு பங்குனி வெயிலில் அவர்களுடைய வண்டி வந்து நின்றது. நானே கட்டுக் கட்டாகத் தூக்கிக் கொடுத்தேன். அறை காலியானதும், ஏசியின் குளிர் முழுசாக முதுகில் விழுந்தது. சுகமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

என் அக்கா வீட்டுக்காரர், நான் மச்சான் என்று கூப்பிடுகிறவர், ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு யூனிட்டைக் குத்தகைக்கு எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். கரிசல் காட்டுக்கு நடுவே தள்ளித் தள்ளி நிற்கும் சின்னச் சின்ன அறைகள். வெம்பக்கோட்டையில் அவர்களுக்கு மானாவாரி நிலம் உண்டு. வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்துத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தார். பூச்சட்டி, புஸ்வாணம் என்பார்களே, அது ஒன்றுதான் அவருடைய சரக்கு. கூம்புக் காகிதத்தில் மருந்தை இறுக்கி, மேலே லேபிள் சுற்றி ஒட்டி, பெட்டியில் அடுக்குவது. அந்த லேபிளில் ஒரு சிறுமி ஊஞ்சலில் ஆடுவாள். மஞ்சள் கவுன், சிவப்பு ரிப்பன், ஊஞ்சல் கயிற்றில் பூ. அங்கே வேலை செய்கிற பெண்கள் அவளை ஊஞ்சல் பிள்ளை என்பார்கள். வடக்கே ஏதோ ஓர் ஊரில், எழுத்துத் தெரியாதவர்களும் அந்தப் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்குவார்களாம். வேறு படம் போட்டால் சரக்கு நகராது. வருஷத்துக்கு ஒரே வியாபாரி. ஆவணி பிறந்ததும் அவனுடைய லாரி வரும். அதற்குள் மொத்தச் சரக்கும் பெட்டி கட்டி நிற்க வேண்டும்.

அந்த வருஷம் மச்சானுக்குக் கடைசி வாய்ப்பு. முந்திய இரண்டு சீசனும் மழை கெடுத்துவிட்டது. யூனிட்டின் சொந்தக்காரர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: இந்த லாரி நிறைந்து போனால் குத்தகை தொடரும். இல்லையென்றால் வேறு ஆள் காத்திருக்கிறான். மச்சான் அதை எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அக்கா சிரிக்கவில்லை.

லேபிள் எங்கள் அச்சகத்தில்தான். எப்போதும் எங்கள் அச்சகத்தில்தான்.

ஆடி பிறந்து நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, எந்திரத்தில் லேசர் நின்றது. சத்தமில்லை, புகையில்லை. பழைய மெஷின்கள் படுக்கும்போது ஒரு முனகலாவது போடும். இது திரையில் ஒரு வரியைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்தது. மெட்ராஸுக்குப் போன் போட்டோம். இன்ஜினியர் வந்தார், பார்த்தார், தலையை ஆட்டினார். அந்த உறுப்பு இங்கே கிடையாது; கடல் தாண்டி வர வேண்டும்; வந்தாலும் துறைமுகத்தில் காகிதம் பார்த்து விடுவிக்க நாளாகும். "எத்தனை நாளு?" என்றார் முதலாளி. "சொல்ல முடியாது சார்" என்றார். அந்தப் பதிலில் ஒரு மரியாதை இருந்தது. அதுவே பயமாக இருந்தது.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வெள்ளி எடுக்கிறவர்களின் கொட்டகைக்குப் போனேன். வெளியே கொடியில் பிலிம்கள் காய்ந்துகொண்டிருந்தன. கண்ணாடி போல. ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. ஆடிக்காற்றில் அவை ஒன்றோடொன்று உரசிச் சலசலத்தன. அவற்றின் வழியே அந்தப் பக்கத்து வேலிக்கருவை தெளிவாகத் தெரிந்தது. தொட்டியில் முழங்கை வரை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"என்ன அண்ணாச்சி, இன்னும் இருக்கா? கொண்டாங்க."

"குடுக்க வரலம்மா. பங்குனியில எடுத்துட்டு வந்த கட்டுல ஏதாச்சும் கழுவாம கெடக்கா?"

"பங்குனியா? அது கழுவி, காஞ்சி, மிட்டாய்ப் பெட்டிக்கு மூடி ஒட்டுறவுக வாங்கிட்டுப் போயி, மிட்டாயும் தின்னு முடிச்சிருப்பாக." அவள் சிரித்தாள். "என்ன படம் தேடுதீக?"

"ஊஞ்சல்ல ஒரு பிள்ள."

"அடப் பாவமே. ஆடுன பிள்ளையத் தொட்டியில தள்ளிட்டு இப்ப வந்து தேடுதீகளாக்கும்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்ய ஐந்தாறு தடவை உதைக்க வேண்டியிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் மச்சான் அச்சகத்துக்கு வந்தார். வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு, கோயிலுக்குள் நுழைகிறவர் போல வந்தார். எப்போதும் அப்படித்தான் வருவார்.

"மாப்ளே, பழைய பிலிம் இருக்குமே. அத எடுத்துட்டுப் போயி பக்கத்துல அடிச்சுருவோம். முன்னெல்லாம் அப்படித்தான செய்வீக?"

"பிலிம் இல்ல மச்சான்."

"இல்லன்னா?"

"போட்டாச்சு. வெள்ளிக்கு."

"ஏலே, யாரு போட்டது?"

அவர் கேட்டது சாதாரணக் கேள்வி. கோபம்கூட இல்லை அதில். பதில் சொல்ல ஒரு மூச்சு நேரம் இருந்தது. அந்த மூச்சுக்குள் நான் எத்தனையோ தடவை திரும்பப் போய் நின்றிருக்கிறேன். நான்தான் என்று சொல்லியிருக்கலாம். நாலே எழுத்து, ஒரு சின்ன விஷயம்.

"முதலாளிதான்" என்றேன். "எடம் அடைக்குதுன்னு."

மச்சான் முதலாளியின் அறைப் பக்கம் பார்த்தார். பெரிய ஆட்களின் காரியங்களுக்கு அவர் ஒருநாளும் காரணம் கேட்டவரில்லை.

எந்திரத்துக்குள் ஏற்றி வைத்த புள்ளிகள் பத்திரமாக இருந்தன. அதுதான் என் நம்பிக்கை. ஊரில் இன்னோர் அச்சகத்திலும் சிடிபி வந்திருந்தது, வேறு கம்பெனி எந்திரம். ஊஞ்சல் பிள்ளையை ஒரு சிடியில் ஏற்றிக்கொண்டு அங்கே போனேன். சைக்கிளில் பிலிம் சுருட்டிப் போன அதே தெரு. அவர்கள் மாறியிருக்கவில்லை. "வாங்க வாங்க, போட்டுருவோம்" என்றார்கள். ஒரு மணி நேரத்தில் நாலு பிளேட்டும் வெளியே வந்தன. லென்ஸைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு நாலையும் பார்த்தேன். ஓரம் முதல் ஓரம் வரை. புள்ளி ஒன்றுகூடச் சிதறவில்லை. "சூப்பரா இருக்குண்ணே" என்று அவர்கள் சொல்ல, நானும் "சூப்பர்" என்றேன். அன்றே எங்கள் மெஷினில் ஏற்றி, பகலும் மறுபகலும் ஓட்டி, வெட்டி, கட்டி, வேனில் நானே உட்கார்ந்து ஏழாயிரம்பண்ணைக்குக் கொண்டுபோனேன்.

லேபிள் ஒட்டும் அறையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த வயதான அம்மா ஒரு லேபிளை எடுத்துப் பசை தடவி, கூம்பைச் சுற்றினாள். நிறுத்தினாள். பிரித்தாள். மறுபடி சுற்றினாள்.

"என்ன அண்ணாச்சி, பிள்ளைக்குச் சட்டை எட்டலையே" என்றாள்.

பக்கத்திலிருந்தவள், "வளந்துட்டாடி அவ. வருசம் பூரா ஆடுனா வளராமயா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. யாருக்கும் இன்னும் தெரியவில்லை. நான்தான் அந்தக் கூம்பைக் கையில் வாங்கிப் பார்த்தேன். லேபிளின் இரு ஓரங்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை. நடுவே சுண்டுவிரல் அகலத்துக்குக் காகிதம் அம்மணமாகத் தெரிந்தது.

நடந்தது இதுதான். எங்கள் எந்திரம் ஓர் அங்குலத்தில் வைக்கும் புள்ளிகளைவிட, அவர்களுடைய எந்திரம் அதே அங்குலத்தில் கொஞ்சம் கூடுதலாக வைக்கும். புள்ளிக்கணக்கு ஒன்றே. நெருக்கிக்கொண்டு உட்கார்ந்ததால் படம் சுருங்கிவிட்டது. ஊஞ்சல் பிள்ளை எந்தச் சேதமும் இல்லாமல், அதே புன்னகையோடு, கொஞ்சம் சின்னவளாகிவிட்டாள். ஒரு ஸ்கேலை எடுத்து பிளேட்டின் மேல் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். பள்ளிப்பிள்ளை வைத்திருக்கும் ஸ்கேல். ஆனால் பிராசஸ்காரன் ஸ்கேலை எடுக்க மாட்டான். பிலிமுக்கு அதன் அளவு அதுவேதான். அது எந்த வீட்டுக்குப் போனாலும் சுருங்காது. ஆகவே பதினேழு வருஷம் லென்ஸில் புள்ளியைத்தான் பார்த்தேன். நெல்லின் உமியை எண்ணத் தெரிந்தவன், படியில் அளக்க மறந்துவிட்டான். என் இடத்தில் எங்கள் தொழில்காரர் யார் இருந்தாலும் அதே தப்பைத்தான் செய்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. அது உண்மையும்கூட. ஆறுதலாக இல்லை.

கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். புள்ளியாக உறைந்துவிட்டதை இழுத்தால் கட்டம் கட்டமாக உடைகிறது. பிள்ளையின் கவுன் கைலித்துணி போல ஆனது.

அதற்குள் யூனிட்டில் லேபிள் ஒட்டாத பூச்சட்டிகள் நிறைந்துகொண்டே போயின. ஓர் அறையில் இவ்வளவுதான் வைக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. சட்டத்தைவிடப் பெரிய பயமும் இருக்கிறது. மச்சான் அந்த விஷயத்தில் கறாரானவர். அறை நிரம்பியதும் மருந்து இறுக்குவதை நிறுத்திவிட்டார். மருந்து இறுக்குகிறவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அவர்களுக்குக் கூம்பு சுருட்டித் தருகிற குடும்பங்கள், சுற்றியிருந்த கிராமங்களில், சுருட்டுவதை நிறுத்தின. பெட்டி செய்கிறவர் வாசலில் பெட்டிகளை இறக்கிவிட்டுப் போனார். காலையில் பெண்களை ஏற்றிவரும் வேன் ஒருநாள் பாதி காலியாக வந்தது. அப்புறம் வரவில்லை. கடல் தாண்டி எங்கோ ஒரு பெட்டியில் உட்கார்ந்திருந்த, கட்டைவிரல் பருமன் உறுப்புக்காக, சீசன் நேரத்தில் கரிசல்காட்டு வீடுகளில் பெண்கள் வாசலில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவதாக ஒரு யோசனை வந்தது. அதுவும் என் யோசனைதான். போன வருஷத்து லேபிள் ஒன்று மச்சான் வீட்டில் இருந்தது. அச்சடித்த அந்தத் தாளையே ஸ்கேன் செய்து, புதிதாக நிறம் பிரித்து, சரியான அளவில் அடிப்பது. இந்தத் தடவை ஸ்கேல் வைத்துத்தான் பார்த்தேன். நாலு தடவை வைத்துப் பார்த்தேன். அளவு சரி. ஆனால் புள்ளிமேல் புள்ளி விழுந்து, பிள்ளையின் முகத்தில் அம்மை வார்த்த தழும்பு போல ஏதோ படர்ந்தது. ரிப்பனின் சிவப்பு செங்கல் நிறத்துக்குப் போனது. "பரவால்ல மாப்ளே. தூரத்துல இருந்து பாத்தா நம்ம பிள்ளைதான்" என்றார் மச்சான். வேன் திரும்ப வந்தது. பெண்கள் எட்டு நாள் குனிந்த தலை நிமிராமல் ஒட்டினார்கள். ஆவணி பிறந்து மூன்றாம் நாள் லாரி வந்து காட்டுக்குள் நின்றபோது பெட்டிகள் எல்லாம் கட்டித் தயாராக இருந்தன. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

லாரியோடு வியாபாரியின் ஏஜெண்ட் வந்திருந்தார். எங்கள் ஊர்க்காரர்தான், பல வருஷப் பழக்கம். ஒரு பெட்டியைப் பிரித்து ஒரு பூச்சட்டியை எடுத்தார். வெயிலுக்கு நேரே பிடித்தார். கண்ணருகே கொண்டுபோனார்.

"அண்ணாச்சி, இது என்ன?"

"நம்ம சரக்குதான்" என்றார் மச்சான்.

"முகத்தப் பாருங்க. இப்படித்தான் டூப்ளிகேட் அடிக்கிறவன் அடிப்பான். நல்ல லேபிள வாங்கி ஸ்கேன் பண்ணி அடிக்கிறது. போன வருசம் வடக்க நம்ம வியாபாரி இதே மாதிரி சரக்கு எடுத்து, கடைத்தெருவுல அவமானப்பட்டாரு. பாத்த உடனே திருப்பி அனுப்பிருவாரு."

"மருந்து நம்ம மருந்துய்யா. வேணும்னா ஒண்ணப் பத்த வச்சுக் காட்டவா?"

"எனக்குக் காட்டி என்ன செய்ய? நீங்க இறுக்குன மருந்துன்னு எனக்குத் தெரியும். அங்கன உள்ளவனுக்குப் படம்தான தெரியும்."

மச்சான் ஒரு பூச்சட்டியைக் கையில் எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்தார். "ஏஞ் சரக்குக்கு நானே டூப்ளிகேட் ஆயிட்டனா?" என்றார். கேட்டுவிட்டு அவரே சிரித்தார். ஏஜெண்டும் சிரிக்க முயன்றார். நான் லாரியின் பின்பக்கம் போய் நின்றுகொண்டேன். லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வேறு யூனிட்டுக்குச் சரக்கு ஏற்றப் போனது.

குத்தகை போய்விட்டது. சொன்னபடியே வேறு ஆள் வந்தான்.

லாரி போன பத்தாம் நாள் உறுப்பு வந்தது. பஞ்சுக்குள் பஞ்சாகச் சுற்றி, ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டியாக. இன்ஜினியர் அரை நாளில் பொருத்திவிட்டார். சோதித்துப் பார்க்க ஏதாவது ஒரு படம் போடுங்கள் என்றார். நான் ஏன் அதைப் போட்டேன் என்று தெரியவில்லை. ஊஞ்சல் பிள்ளை வெளியே வந்தாள். சரியான அளவில், ஒரு தழும்பு இல்லாமல், புள்ளிக்குப் புள்ளி சுத்தமாக. "பெர்பெக்ட் சார்" என்று இன்ஜினியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பின்னாட்களில் எங்கள் ஊர் ஓட்டல் மாடியில் ஒரு கருத்தரங்கு நடந்தது. சுவரில் படம் காட்டிப் பேசினார் ஒருவர். டிஜிட்டல் தொழில்நுட்பம் வந்தால் சப்ளை செயின் உறுதியாகும், ஒரு கண்ணி அறுந்தாலும் வேறு கண்ணி தாங்கும் என்றார். பொய் சொல்கிறார் என்று சொல்ல மாட்டேன். நாங்களே அதற்கடுத்த வருஷம் வேலைகளையெல்லாம் எந்த எந்திரமும் படிக்கிற மாதிரி வைத்தோம். ஒரு தடவை எங்களிடம் மின்சாரம் படுத்தபோது, ஒரு காலண்டரின் படங்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே மதுரைக்கு அனுப்பி, பொழுது சாய்வதற்குள் பிளேட் வாங்கினோம். சைக்கிளால் அது முடியாது. எந்திரத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. புதுக்கதவு திறந்த அன்றே பழைய கதவைச் செங்கல் வைத்து அடைத்தது எந்திரமா? தூசி என்று சொல்லி அடைத்தவனுக்கு ஒரு முகம் இருக்கிறது. கருத்தரங்கின் கடைசி வரிசையில் அந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். யாரும் கேட்கவில்லை. டீயும் வடையும் வந்தன.

மச்சானும் அக்காவும் புரட்டாசியில் திருப்பூருக்குப் போனார்கள். பனியன் கம்பெனியில் அவருக்குப் பெட்டி கட்டும் வேலை. அக்காவுக்கு நூல் பிசிறு வெட்டும் வேலை. வெம்பக்கோட்டை நிலத்தைப் பங்காளியிடம் விட்டுவிட்டார்கள். விருதுநகர் பஸ் ஸ்டாண்டுக்கு நான் வழியனுப்பப் போனேன். இரண்டு பை, ஒரு குத்துவிளக்கு, ஒரு மிக்சி. ஐம்பதை நெருங்கும் மனிதர், கண்டக்டரிடம் மிக்சிக்குத் தனி டிக்கெட்டா என்று வேடிக்கையாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அக்கா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முந்தானையால் ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பஸ்ஸுக்கும் எனக்கும் நடுவே இரண்டடி தூரம். இப்போது சொல்லிவிடலாம் என்று வீட்டிலிருந்தே வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். மச்சான், பிலிமைப் போட்டது முதலாளி இல்ல. அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு. அதற்குமேல் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, அது போதும். வாய் திறந்தேன்.

"மச்சான், அந்தப் பிலிமு..."

அவர் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றார். என் தோளில் கை வைத்தார். மருந்துக்கரி ஏறி ஏறி நகக்கண்ணெல்லாம் சாம்பல் பூத்த கை.

"எனக்குத் தெரியும் மாப்ளே" என்றார்.

இன்னொரு கையால் மிக்சியைப் படிக்கு உள்ளே தள்ளினார்.

"நீ தடுத்துத்தான் பாத்திருப்பே. அந்தாளு கேட்டிருக்க மாட்டாரு. சம்பளத்துக்கு இருக்கவன் நீ என்ன செய்வே?"

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர ஆரம்பித்தது. மச்சான் படியில் தொற்றிக்கொண்டு, பாதி உடம்பு வெளியே இருக்க, என்னைப் பார்த்துக் கத்தினார்.

"ஒம்மேல எனக்கு ஒண்ணுமில்ல மாப்ளே. போ, போயிச் சாப்பிடு."